யாருக்கோ தெரிந்த பிள்ளை

தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறும் ரப்பர் தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை உண்டு. அந்தப் பக்கத்தில் போனுக்கு சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கே மட்டும்தான். ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோரில் வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்து, குளித்து, சோறு தின்று, மற்றப் பெண்கள் முதுகைச் சாய்க்கிற பிற்பகல் நேரத்தில் நிருஷா அந்தப் பாறைக்கு ஏறிப் போவாள். கொழும்பில் இரும்புக் கடையொன்றில் வேலை செய்யும் புருஷன் வினோத்தோடு பேசப் போகிறாள் என்றுதான் லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அவனோடும் பேசுவாள். ஆனால் அவள் முக்கியமாகப் போனது பிள்ளையைப் பார்க்க.

பிள்ளை என்று ஒன்று உண்மையில் இல்லை. போன ஐப்பசி மழையோடு அது கலைந்துபோயிருந்தது. மூன்றாம் மாதம்கூட முழுசாக முடியவில்லை. கல்யாணமாகி நான்கு வருஷத்துக்குப் பிறகு தங்கியது என்பதால், கொஞ்சம் உறுதியானதும் நத்தார் பண்டிகைக்கு வீட்டுக்கு வரும்போது தன் வாயாலேயே அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று வினோத் ஆசைப்பட்டு வைத்திருந்தான். அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அவன் அவசரமாக வந்து அவிசாவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வீட்டில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிக்கொண்டார்கள். “அம்மாவுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டா” என்றான் பஸ்ஸில் வரும்போது. நிருஷா தலையாட்டினாள். சொல்வதற்கு இருந்தபோது சொல்லவில்லை; இல்லாமல் போனதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

கருத்தரித்த பெண்களுக்கென்று தமிழில் ஒரு பக்கம் போனில் இருந்தது. வயிற்றில் பிள்ளை வாரத்துக்கு வாரம் எப்படி வளர்கிறது என்று அதில் போட்டிருப்பார்கள். கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகும் ஒருநாள், கை தானாகப் போனது போல, அதைத் திறந்துவிட்டாள். அடுத்த வாரத்துக்குரியது அங்கே காத்துக்கொண்டிருந்தது. விரல்கள் பிரிந்துவிட்டன, நகம் முளைக்கத் தொடங்குகிறது என்று எழுதியிருந்தது. அவள் வாசித்தாள். அதற்கடுத்த வாரமும் வாசித்தாள். அப்படியே பிள்ளை வளர்ந்தது.

தை மாதம் ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிரத் தொடங்கின. மலையெங்கும் செம்பும் மஞ்சளுமாகச் சருகு. காலை மூடுபனிக்குள் கத்தியும் வாளியுமாக மரத்துக்கு மரம் போகையில், காலடியில் அது நனைந்த துணி மாதிரி மெத்தென்று கிடக்கும். இந்த வாரம் பிள்ளைக்குக் காது கேட்கும் என்று வாசித்த மறுநாள், அவள் பட்டையைச் சீவிவிட்டு ஒவ்வொரு மரத்தடியிலும் கொஞ்சம் நின்றாள். சிரட்டைக்குள் பால் சொட்டுகிற சத்தம் கேட்குமா என்று பார்த்தாள். வெளிச்சம் தெரியும் என்று வாசித்த பிறகு, இலையில்லாத கிளைகளுக்கிடையில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வயிற்றைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் நின்றாள். வெயில் சேலைக்கு மேலே சூடாக இறங்கும்போது, உள்ளே யாரோ கண்ணைச் சுருக்குவதுபோல இருக்கும்.

பாறையிலிருந்து இறங்குமுன் பார்த்ததை எல்லாம் போனிலிருந்து அழித்துவிடுவாள். வினோத் வந்தால் போனை வாங்கிப் பார்ப்பான், அவன் மனசு கஷ்டப்படக்கூடாது. அழித்துவிட்டால் அது அவளுக்கும் பாறைக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நம்பியிருந்தாள்.

நத்தார் கழிந்து கொஞ்ச நாளில் மெசேஜ்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தது பால்மா விளம்பரம். பிறகு குழந்தைகளுக்கான சோப்பு, துணி, நப்கின். போன் அடிக்கிறவர்களுக்குக் கேட்கும்படி தாலாட்டுப் பாட்டு வைத்துக்கொள்ளலாம் என்று சிம் கம்பெனியே ஒன்று அனுப்பியது. எல்லோருக்கும் அனுப்புகிறார்களாக்கும் என்று நினைத்தாள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தபோது, அவளுக்கு வருவதெல்லாம் லொத்தர் சீட்டும் நகைக்கடையும்தான் என்று தெரிந்தது. அன்று பிற்பகல் இன்னொன்று வந்தது. ‘தாயாகப் போகும் உங்களுக்கு வாழ்த்துகள்’ என்று அதில் இருந்தது.

பயந்திருக்கவேண்டும். பயம் வரவில்லை. அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒருவரும் அவளுக்கு அப்படிச் சொல்லியிருக்கவில்லை. கொழும்பில் எங்கேயோ ஒரு குளிர் அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. அவிசாவளை பேங்கில் வேலை செய்கிற பெண்ணின் முகத்தைக் கற்பனையில் அவளுக்குக் கொடுத்தாள். மேலே ஒரு கம்பளிச் சட்டையும் போட்டுவிட்டாள். தெஹியோவிட்டப் பக்கத்து மலையில் நிருஷா என்றொருத்தி இருக்கிறாள், இந்த வாரம் அவள் பிள்ளை கனவு காணத் தொடங்கியிருக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு பாறையில் உட்கார்ந்து வாசிக்கும்போது, இன்னொருத்தியும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு துணை. மெசேஜ்களை மட்டும் அவள் அழிக்காமல் வைத்துக்கொண்டாள்.

அந்த சிம் அவள் பெயரில் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழையாக விழுந்து அடையாள அட்டை எடுக்க முடியாமல் அலைந்துகொண்டிருந்த காலத்தில், தெஹியோவிட்டவில் குடை விரித்து சிம் விற்ற பையன்களிடம் மாமனார் பவுல்தான் தன் அட்டையைக் காட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். தொடர்புக்கென்று அவருடைய போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். பவுல் தோட்டத்துத் தொழிற்சாலையில் கேட் வாச்சர். அவரிடம் இருந்தது பட்டன் போன். ஒருநாள் காலை அந்தப் போனுக்கு ஒரு பெண் சிங்களத்தில் பேசினாள். வீட்டில் ஒரு பபா வரப்போகிறதே மாத்தயா, தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு காப்புறுதி இருக்கிறது, விளக்கம் சொல்லட்டுமா என்று கேட்டாள். நம்பர் மாறி எடுத்துவிட்டீர்கள் என்றார் பவுல், அவளைப்போலவே சரளமான சிங்களத்தில். அவள் அவருடைய முழுப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நிருஷாவின் நம்பரையும் பிழையில்லாமல் சொன்னாள். காப்புறுதி என்ற பேச்சு பவுலின் காதில் ஏறவே இல்லை. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள், இவ்வளவு சரியாகச் சொல்கிறாள், ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டினார். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து மனைவி மரியாயியிடம் மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது மரியாயி மருமகளின் வாளியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஏன் என்று நிருஷா கேட்டாள். மரியாயியின் முகம் முழுக்கச் சிரிப்பு இருந்தது, மறைக்கத் தெரியாத சிரிப்பு. கங்காணியிடம் போய் என்னவோ மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கு நிருஷாவுக்குச் சரிவு இல்லாத பக்கத்து மரங்கள் கிடைத்தன. மத்தியானம் முருங்கையிலைச் சுண்டல், நெத்தலிக் குழம்பு, காரம் குறைத்து. சாயங்காலம் பவுல் ஒரு குலை தெம்பிலி இளநீரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். ஒன்றைச் சீவி அவள் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், “நல்லா இருக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எப்படி என்று தெரியவில்லை, ஆனால் இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தது தப்பாகத் தெரிந்திருக்கிறது. இல்லை மாமா, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். இளநீர் இனிப்பாக இருந்தது. குடித்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் மூடுபனிக்குள் நடந்தது போலத்தான் இருக்கிறது. மலையில் புதுத் துளிர் விட்டிருந்தது. செம்பு நிறத்தில், ஈரம் மாறாத, தொட்டால் குழைகிற துளிர். வெயில் அதனூடாக வந்து எல்லோர் முகத்தையும் ஒருமாதிரி அழகாக்கியது. யாரும் அவளிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதம் ஆகுமுன் வாய்விட்டுச் சொன்னால் கண் படும் என்று மரியாயி எல்லோரையும் அடக்கி வைத்திருந்தாள் போலும். தன் பழைய நூல் சேலையை வெந்நீரில் அலசி, மிருதுவாக்கி, துண்டு துண்டாகக் கிழித்து ஓரம் தைத்தாள். மரியாயியின் கணக்கில் பிள்ளை இப்போதுதான் தங்கியிருந்தது. நிருஷாவின் கணக்கில் ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகளும் அந்தக் காம்பராவுக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த களைப்பில் அவள் பாயில் கண்ணயர்ந்திருந்தாள். மரியாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, எழுப்பிவிடக்கூடாது என்று பயந்து பயந்து, ஒரு கை அவள் வயிற்றின்மேல் வந்து அமர்ந்தது. ரப்பர் பால் காய்ந்து காய்ந்து சொரசொரத்துப்போன கை. நிருஷா கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் கையின் சூட்டுக்குக் கீழே, சத்தியமாக, என்னவோ ஒன்று மெல்லப் புரண்டு படுத்தது. அந்த நிமிஷம் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

அந்த நம்பிக்கையைக் கலைத்தவன் வினோத். மகனிடம் சொல்லாமல் இருக்க மரியாயியால் முடியவில்லை. அடுத்த நாள் பிற்பகல் நிருஷா பாறையில் ஏறியதும் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் லொறியும் இரும்பும் மோதுகிற சத்தம். அவன் குரல் சத்தத்துக்கு மேலே ஏறிக்கொண்டு வந்தது, சின்னப் பையன் குரல் மாதிரி.

“நெசமா? என்கிட்ட ஏன் சொல்லல? நத்தாருக்கு வந்தப்பவா?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இந்தத் தடவ நீ வேலைக்குப் போக வேணாம். நான் மொதலாளிகிட்டக் கேட்டு லீவு எடுக்கிறேன். நிருஷா, கேக்குதா?”

“இல்லைங்க” என்றாள். “ஒண்ணும் இல்ல. இல்லவே இல்ல.”

பின்னால் இரும்பு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன், அப்படியானால் அப்பாவுக்கு யார் சொன்னது என்று கேட்டான். அவள் அந்தப் பக்கத்தைப் பற்றியும், வாராவாரம் வாசித்ததையும், வந்த மெசேஜ்களையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, மூடுபனியாக இருந்ததெல்லாம் வெறும் சொல்லாகி, கேவலமாக, சின்னதாகக் காதில் விழுந்தது. வினோத் திட்டவில்லை.  சனிக்கிழமை வருகிறேன், அதுவரைக்கும் யாரிடமும் எதுவும் சொல்லாதே, நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்றான்.

போன ஐப்பசியிலும் அவன் அப்படித்தான் சொன்னான். அவள் சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் மலையில், இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த மாமியாரை நிருஷா கூப்பிட்டு நிறுத்தினாள். மாமி, வாளியைக் கீழே வைங்க என்றாள். அங்கேயே, மரங்களுக்கு நடுவில், ஐப்பசி மழையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.  மரியாயி முந்தானையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றாள். கம்பெனிக்காரர்கள் எப்படியோ பார்த்துவிட்டார்கள் போல என்று நிருஷா முடித்தபோது, அவள் நிமிர்ந்தாள்.

“கொழும்புல ஒக்காந்திருக்கிறவனுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள். “செவுத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற எனக்குத் தெரியல.”

பிறகு ஒரு வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு தன் மரங்களுக்குப் போய்விட்டாள்.

அன்றும் மறுநாளும் மரியாயி பேசவில்லை. சோறு போட்டாள், தட்டை நகர்த்தி வைத்தாள், முகம் கொடுக்கவில்லை. தைத்து வைத்த துணிகள் எங்கே போயின என்று நிருஷாவுக்குத் தெரியவில்லை. பவுல்தான், எல்லாவற்றையும் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபின், ஒரு வார்த்தையும் குறை சொல்லாமல், அவளை அவிசாவளைக்கு வரச் சொன்னார். “என் பேர்ல இருக்கிற சிம்மு. என்னா ஏதுன்னு நான்தான் கேக்கணும்” என்றார். அவளுக்குக் கடைசியில் கிடைத்திருந்த அடையாள அட்டையையும் கொண்டுவரச் சொன்னார்.

கம்பெனிக் கிளையில் குளிர் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டரில் மஷூர் என்று சட்டையில் பெயர் குத்திய இளைஞன் இருந்தான். பவுல் சிங்களத்தில் தொடங்க, அவன் அவர்களுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினான். பொறுமையாகத்தான் விளக்கினான். நீங்கள் போனில் எங்கே போனாலும் எங்கள் லைனுக்குள்ளால்தான் போகவேண்டும். என்ன வாசிக்கிறீர்கள் என்று முழுசாகத் தெரியாது, ஆனால் எந்த இடத்துக்குப் போகிறீர்கள், எத்தனை தரம் போகிறீர்கள் என்று தெரியும். அதை வைத்து ஆட்களை வகைவகையாகப் பிரித்து மற்றக் கம்பெனிகளுக்கு விளம்பரத்துக்குக் கொடுக்கிறார்கள். சிம் எடுக்கும்போது அதற்குச் சம்மதம் என்று ஒரு கட்டத்தில் சரி போட்டிருக்கிறது. அப்படி எதையும் தான் பார்க்கவேயில்லை என்றார் பவுல். யாருமே பார்ப்பதில்லை ஐயா, விற்கிற பையன்களே சரி போட்டுவிடுவார்கள் என்று மஷூர் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“நான் அழிச்சிட்டுத்தானே வருவேன்” என்றாள் நிருஷா.

“அது உங்கட போன்ல மட்டும்தான் அழியும் தங்கச்சி.”

அவள் கொஞ்சம் தயங்கினாள். மாமனார் பக்கத்தில் இருந்ததால் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். “அங்க யாரு பாக்குறாங்க? ஒரு ஆள் இருந்து பாப்பாங்களா?”

மஷூர் சிரிக்கவில்லை. அவள் கேட்டது எதற்கென்று அவனுக்குத் தெரியாது. ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். “இல்ல தங்கச்சி, பயப்பட வேணாம். ஒத்தரும் பாக்கிறதில்ல. எல்லாம் மெஷின் தானாச் செய்றது. உங்கட பேர்கூட அதுக்கு ஒரு நம்பர்தான்.”

அவள் நினைப்பிலிருந்த கம்பளிச் சட்டை போட்ட பெண் எழுந்து போய்விட்டாள். அவள் உட்கார்ந்திருந்த அறை இருந்தது, குளிர் இருந்தது, ஆள் இல்லை. பாறையில் தோளுக்கு மேலால் யாரும் எட்டிப் பார்த்திருக்கவில்லை. அழிந்துபோன ஒன்றை அழியவில்லை என்று நம்பியது உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒன்று அவள், மற்றது ஒரு மெஷின்.  ஐப்பசியில் அழாத அழுகை நிருஷாவுக்கு அவிசாவளைக் கவுண்டருக்கு முன்னால் வைத்து வந்தது. மஷூர் தண்ணீர் போத்தலை நகர்த்தி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டான். பவுல் எழுந்து, அவளுக்கும் வரிசையில் இருந்தவர்களுக்கும் நடுவில், யாருக்கும் அவள் முகம் தெரியாதபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

சிம்மை அவள் பெயருக்கு மாற்றினார்கள். அந்தச் சம்மதக் கட்டத்தை எடுத்துவிடட்டுமா என்று மஷூர் கேட்டபோது, எடுத்துவிடுங்கள் என்று அவளே சொன்னாள். ஏற்கெனவே மற்றக் கம்பெனிகளுக்குப் போனதைத் திருப்பி வாங்க முடியாது, இடைக்கிடை ஏதாவது வரத்தான் செய்யும் என்றும் அவன் ஒளிக்காமல் சொன்னான். அப்படியேதான் நடந்தது. மே மாதம் வெசாக் முடிந்த பிறகும் ஒருதரம் பால்மாக்காரன், பிள்ளை பிறந்துவிட்டதா என்று விசாரிப்பதுபோல ஒன்று அனுப்பினான். அவள் அதை வாசித்துவிட்டு அழித்தாள்.

வினோத் சனிக்கிழமை வந்தான். அம்மாவும் மகனும் வெளியில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். உரத்த பேச்சு இல்லை. ஆனால் அவன் உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. என்கிட்டச் சொல்ல வேணாம்னு நீதான் சொன்னியாமே என்று மரியாயி கேட்டாளாம். நான்தான் என்றானாம். அவ்வளவுதான் நிருஷாவிடம் சொன்னான். அந்த முறை ஞாயிறு பின்னேரம் அவன் திரும்பிப் போகவில்லை, செவ்வாய்க்கிழமைதான் போனான்.

அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று, மரியாயி தானாக வந்து மருமகளின் பக்கத்தில் குந்தினாள். நிருஷா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ரொம்ப வலித்ததா என்று கேட்டாள். யார் கூட இருந்தது, சாப்பிட என்ன கொடுத்தார்கள், திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நிருஷா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.  பிறகு மரியாயி சுளகிலிருந்து ஒரு நெல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“பேரு எதாச்சும் நெனச்சு வச்சிருந்தியா புள்ள?”

வைத்திருந்தாள். வினோத்திடம்கூடச் சொன்னதில்லை. எந்தப் போனிலும் தட்டிப் பார்த்ததில்லை. காம்பராவில் வேறு யாரும் இருக்கவில்லை. இருந்தாலும் அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து மாமியாரின் காதுக்குள் சொன்னாள். மரியாயி அந்தப் பெயரைச் சத்தம் வராமல் உதட்டுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். நல்ல பேரு என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னால் மரியாயி சாமியாரிடம் போய், ஒரு ஆத்துமாவுக்காகச் செபிக்கவேண்டும் என்று கேட்டாள். யார் பெயருக்கு என்று அவர் கேட்டார். ஆண்டவருக்குத் தெரியும் சாமி, நீங்க வாசிக்கத் தேவையில்ல என்றாள். பிறகு பெண்கள் பக்கத்து மர வாங்கில் நிருஷாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.